முதலுக்கே மோசம்

நான் பி.காம். படித்தது கோழி முட்டையில். கிண்டல் இல்லை, நிஜம். வேடசந்தூர் பக்கம் எங்கள் கிராமத்தில், அப்பாவின் சம்பாத்தியம் அரிசிக்கும் கடனுக்குமே சரியாகப் போய்விடும். என் பரீட்சை ஃபீஸ், பஸ் பாஸ், அக்கவுன்டன்ஸி புத்தகம் எல்லாம் அம்மாவின் கடுகு டப்பாவிலிருந்து வந்தவை. டப்பாவுக்குக் காசு வந்த வழி, வீட்டுக்குப் பின்னால் மேய்ந்த பத்துப் பதினைந்து கோழிகள்.

வாரச் சந்தைக்கு அம்மா கூடை நிறைய முட்டையோடு போவார். திரும்பும்போது கூடை காலி. எங்கள் வீட்டில் முட்டை உண்டு; முட்டைக் குழம்பு கிடையாது. எப்போதாவது ஒன்று உடைந்துபோனால் எனக்கு ஆம்லெட். அம்மா முட்டை சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. "எனக்கு அந்த வாடை புடிக்காதுய்யா" என்பார். நானும் நம்பினேன்.

அப்பா போன பிறகு, அம்மாவைத் தாம்பரம் பக்கம் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வந்த சில மாதங்களில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு உடைந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "எலும்பு ரொம்ப மெலிஞ்சு போச்சு" என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாசா மாசம் வாங்கி வைப்பது என் வேலை. அத்தோடு என் கடமை முடிந்தது.

ஆனால், அம்மாவுக்கு டவுன் ஒட்டவில்லை. "நாலு கோழி இருந்தா பொழுது போகும்" என்று ஒருநாள் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். நாலு வெடைக்கோழிகள் வாங்கி வந்தேன். மத்திய அரசின் ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'கிராமப்பிரியா' ரகம். நம்மூர் நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 70 முட்டை இட்டாலே பெரிய விஷயம். இது புழக்கடையிலேயே 150-ஐத் தாண்டுமாம். காமர்ஸ் மூளை சும்மா இருக்குமா? உடனே ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. தீவனச் செலவுக்கு நேராக, பெருமையாக ஒரு சைபர்!

ஏனென்றால், நான் தீவனமே வாங்கவில்லை. மிச்சமான சோறு, அரிசிக் குருணை, காய்கறித் தோல். அவ்வளவுதான்.

"வெறும் சோத்தைத் தின்னுட்டு அது எப்பிடிய்யா முட்டை விடும்?" என்றார் அம்மா.

"ஊர்ல மட்டும் பாதாம் பருப்பா போட்டோம்?" என்று மடக்கினேன்.

"நாம போட்டது ஒரு கை தவிடு, ஒரு கை கம்பு. மிச்சத்தை அதுவா தேடிக்கிச்சு!"

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். குப்பைமேட்டில் புழு, வேலியோரம் பூச்சி, கீரை, நத்தை ஓடு என்று ஊர்க்கோழிக்கு நாள் முழுக்க விருந்து. குஞ்சு பொரித்தால், பழைய பானையில் சாணியும் கிழிந்த கோணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைப்பார் அம்மா. மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் மொய்க்கும். குஞ்சுகளுக்குப் புரதம் ரெடி. அந்த வார்த்தை அம்மாவுக்குத் தெரியாது, வேலை தெரியும். என் வீட்டுப் பின்புறமோ சிமென்ட் தரை, மூன்று பக்கமும் காம்பவுண்டுச் சுவர். பாவம், கோழி எதைக் கிளறும்?

வெள்ளைச் சோறு என்ன செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததே கோழிகள்தான். 1890-ஐ ஒட்டிய வருடங்களில், ஜாவா தீவின் பட்டேவியாவில் - இன்றைய ஜகார்த்தாவில் - கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய கோழிகள் திடீரென்று கால் தடுமாறி விழுந்தன. சில மாதங்களில் தானாகவே எழுந்தும் விட்டன. விசாரித்தால், விழுந்த காலத்தில் அவற்றுக்குப் போட்டது ராணுவ ஆஸ்பத்திரி சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு. புதிதாக வந்த சமையல்காரர், 'ராணுவச் சோற்றைச் சாதாரணக் கோழிக்கு ஏன் தர வேண்டும்?' என்று நிறுத்திவிட்டார். தவிடு போகாத அரிசிக்கு மாறிய கோழிகள் பிழைத்துக்கொண்டன. தவிட்டில் இருந்தது பி1 வைட்டமின் என்பது பிற்பாடு தெரிந்தது. 1929-ல் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையை ஒரு கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேன். என் வீட்டுக் கோழிக்குத்தான் பொருத்திப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் முட்டை ஜோராக வந்தது. மூன்றாவது மாதம் தோல்முட்டை. ஓடே இல்லாமல், கையில் எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி ஆடியது. அடுத்த வாரம், செவலைக் கோழி காலை மடக்கி உட்கார்ந்தது. எழவே இல்லை.

துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும், பின்னாலேயே நானும் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். தீனி என்ன என்று கேட்ட டாக்டர், என் நோட்டு விவகாரத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு முட்டை ஓட்டுல சுமாரா 2 கிராம் கால்சியம் இருக்கு. அதாவது 2,000 மில்லிகிராம். 100 கிராம் வெள்ளை அரிசியில 10 மில்லிகிராம் இருந்தா அதிகம். நீங்க கணக்குப் படிச்சவர்தானே சார்? வரவு பத்து, செலவு ரெண்டாயிரம். மீதி எங்கேருந்து வருது?"

முழித்தேன்.

"அது எலும்புலேருந்து! ராத்திரி பூரா ஓடு உருவாகும். தீனியில இல்லேன்னா, தன் எலும்பைக் கரைச்சு ஓடு போடும். நாட்டுக்கோழி பத்துப் பன்னெண்டு முட்டை விட்டதும் அடையில உட்கார்ந்துடும். அதுக்கு லீவு உண்டு. இது அடை காக்குறது அபூர்வம் சார், லீவே கிடையாது."

எங்கள் வணிகவியலில் இதற்குப் பெயர் முதலைத் தின்பது. கடை திறந்திருக்கும், வியாபாரம் நடக்கும், வரவுப் பக்கம் ஏறிக்கொண்டே போகும். உள்ளே முதல் கரைந்துகொண்டிருக்கும்.

கால்சியம் டானிக் கொடுத்தார். இனி முட்டைக்கோழித் தீவனம்தான் போட வேண்டும். அதில் மூன்றரை முதல் நாலு சதவிகிதம் கால்சியம் இருக்கும். ஒரு கோழிக்குத் தினம் 100 முதல் 120 கிராம். தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் வைத்தால் வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும் என்றார். "குஞ்சுங்களுக்கு மட்டும் இந்தத் தீவனத்தைப் போட்டுடாதீங்க, கிட்னி கெட்டுடும்" என்று எச்சரிக்கையும் செய்தார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. செவலையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். 

பத்து நாள் இருக்கும். விடியற்காலையில் பின்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். சின்ன உரலில் அம்மா எதையோ வெள்ளையாக நுணுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கால்சியம் மாத்திரை அட்டை.

"என்னம்மா பண்ற?"

"செவலைக்குத்தான்யா. அது முட்டை விடுற வயசு. எனக்கு எதுக்கு இனிமே?"

"எத்தனை நாளா இது?"

"அந்த டாக்டர் சொன்ன நாள்லேருந்து."

"அதுக்கு முன்னாடி வாங்கினதெல்லாம் சாப்பிட்டியா?"

பதில் இல்லை. அம்மாவின் கண் அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது. ஊரிலிருந்து எடுத்து வந்த அதே கடுகு டப்பா. திறந்தேன். பிரிக்காத அட்டைகள், ரூபாய் நோட்டு அடுக்குகிற மாதிரி வரிசையாக. "வெலை சாஸ்தியா போட்டிருந்துச்சு... பின்னாடி உனக்கோ புள்ளைக்கோ ஆகுமேன்னு..."

எலும்பு மெலிவதற்கு வயது, மாதவிலக்கு நிற்பது என்று டாக்டர்கள் காரணம் சொல்வார்கள். சரிதான். ஆனால், எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் மிஞ்சியதை மட்டும் வருடக்கணக்கில் சாப்பிட்டதும் அந்தப் பட்டியலில் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும். பற்று வரவு படித்தவன் நான். என் படிப்புக்குப் போட்ட முதல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்றைக்கே ஒப்பந்தம் போட்டேன். அம்மா மாத்திரை போட்டால்தான் கோழிக்குத் தீவனம்! சிரித்துக்கொண்டே விழுங்கினார். இப்போது காலையில் கோழிகளுக்குத் தீவனம், அம்மாவுக்குக் கேழ்வரகுக் கூழ். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. செவலை மூன்று வாரத்தில் எழுந்து, கொஞ்சம் நொண்டியபடி நடமாட ஆரம்பித்தது. மறுபடி அது இட்ட முதல் முட்டை, கெட்டி ஓட்டோடு இருந்தது. அம்மா பேத்திக்கு எடுத்து வைக்கப் போனார். என் மனைவி விடவில்லை. "இது உங்களுக்கு அத்தை" என்று அவித்து, மிளகும் உப்பும் தூவிக் கொடுத்தாள்.

"வாடை புடிக்காதேம்மா?" என்றேன், வேண்டுமென்றே.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. முழு முட்டையையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தான்யா இருக்கு" என்றார்.

தீவனம், கிளிஞ்சல், டானிக் எல்லாம் சேர்த்தால், எங்கள் வீட்டு முட்டையைவிடக் கடை முட்டை மலிவு. நோட்டைக் கூட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு கடுகு டப்பா இருக்கும். ஒரு தடவை திறந்து பாருங்களேன்!