ஏறும்போது எந்தக் கால் முதலில்?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். 56 வயதில், மழைக்காலத்து ஓடைக்கல் ஒன்றில் வழுக்கி வலது முழங்கால் முறுக்கிக்கொண்டது. கரியாலூரிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும் பஸ்ஸில், கோமுகி அணை கண்ணில் படும்வரை ஒவ்வொரு வளைவும் என் முட்டிக்குள்தான் திரும்பியது.

எலும்பு முறியவில்லை. உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: “கட்டுப் போட்டுக்கிட்டுப் படு.” அன்பால் சொன்னார்கள். நாட்டுக்கட்டுப் போட்டு இரண்டு மாதம் கட்டிலைவிட்டு இறங்காமல் கிடந்தேன். கட்டைப் பிரித்தபோது வீக்கம் போயிருந்தது, தொடைச் சதையும் போயிருந்தது. இடது தொடையோடு வைத்துப் பார்த்தால் வலது தொடை ஒரு சிறுவனுடையதுபோல இருந்தது. ஊன்றிய கால் மடங்கிச் சரிந்தது. விழுந்த அன்றுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

கள்ளக்குறிச்சியில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்தான் எனக்குப் புரியவைத்தார். “குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது சார். மூட்டுல ஊறுற நீர்தான் அதுக்குச் சாப்பாடு. காலை ஊன்றினா அழுந்தும், எடுத்தா அந்த நீரை உறிஞ்சிக்கும். நடக்காத மூட்டு பட்டினி கிடக்கும்.” முட்டியின் பாரத்தைத் தாங்கிக்கொடுப்பது தொடையின் முன்தசை. அதைத்தான் நான் இரண்டு மாதம் படுத்துக் கரைத்திருக்கிறேன்.

அவர் தந்த மருந்து ஒரு நாற்காலி. உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, காலையும் மாலையும். கைத்தடியை நோவுள்ள காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கவும் சொன்னார். மூன்று மாதத்தில் மலைக்குத் திரும்பினேன்.

அங்கே புளி மூட்டையோடு சந்தைக்கு இறங்கும் ஓர் ஆயா, நான் தடியோடு படியில் தயங்குவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏறும்போது நல்ல காலு முன்னாடி வாத்தியாரே, இறங்கும்போது நோவுற காலு.” கள்ளக்குறிச்சியில் எனக்குச் சொன்னதும் இதேதான். “உங்களுக்கும் நோவுதா ஆயா?” என்றேன். பல வருசமாம். மலைக்காரர்களுக்கு மூட்டுவலி வராது என்று அதுவரை நம்பியிருந்தேன். வலிக்கத்தான் செய்கிறது. நடப்பதை மட்டும் அவர் விடவில்லை.

ஆனால் அந்த மனவுறுதியைப் புகழ்ந்துவிட்டு நாம் கீழே இறங்கிவிடக் கூடாது. மருத்துவ ஏற்பாடுகள் வராமல் இல்லை. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022இல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டில் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது. அந்தச் சிகிச்சைக்குப் பிறகும் மறுநாளே எழுந்து நிற்கத்தான் சொல்கிறார்கள். மலையில் முதலில் வேண்டியது கத்தி அல்ல, வாரம் ஒருமுறை ஏறிவரும் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பதே என் எண்ணம்.

கால் ஊன்றவே முடியாவிட்டால், திடீரென வீங்கினால், மூட்டு பூட்டிக்கொண்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி, உங்கள் வீட்டுப் பெரியவரிடம் “நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்று சொல்லி அவரை முடக்காதீர்கள். இன்று சாயங்காலம் ஒரு நாற்காலியைப் போட்டு, காலை நீட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பத்து எண்ணுங்கள்.