சட்டமன்றமாகவும் இருந்த மண்டபம்

மெரினா பக்கம் போனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ராபர்ட் சிசோம் வடிவமைத்து 1879-இல் கட்டி முடித்தது. செங்கல் சுவர், மூலைக் கோபுரங்கள், அவற்றின் மேல் குவிமாடங்கள். எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் பெரிய மண்டபம்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி.

பட்டமளிப்பு, தேர்வு எல்லாம் இங்கே நடந்திருக்கின்றன. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் போல) இருந்தபோது, 1937-இல் மாகாணச் சட்டமன்றமே இங்குதான் கூடியது! பிறகு பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டித்தான் புதுப்பொலிவு பெற்றது.

ஆனால் புதுப்பித்த பிறகும் பூட்டி வைத்தால் எந்தக் கட்டடமும் பாழாகும். வாரம் ஒருமுறையாவது இங்கே கச்சேரியோ கருத்தரங்கோ நடக்கட்டும். மாணவர்கள் வந்து உட்காரட்டும்.