பின் சீட்ல அப்பத்தா!

உங்க வீட்ல ஒரு பழைய கார் நிக்குதா? அதைக் கொஞ்சம் கீழே இறக்கி, விறைப்பாக்கி, ஒரு நாளாவது ரேஸ் டிராக்ல விட்டுப் பார்க்கணும்னு கை துறுதுறுங்குதா? இதைப் படிச்சுட்டு அப்புறமா கடைக்குப் போங்க பாஸ். நான் அழுத தண்டம் உங்களுக்கு மிச்சமாகும்!

எனக்குக் கோவை. செட்டிபாளையத்துல 2.1 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைஞ்சு நெளிஞ்சு கிடக்குது கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 இன்ஜினை வெச்சே ஃபார்முலா ரேஸ் கார் உருவாக்கின கரிவரதன் பேர்ல இருக்கற டிராக். ரோட்ல ஓட்டற சொந்தக் காரையே கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கற 'டிராக் டே'வுக்குப் பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, அப்பாவோட பழைய ஸ்விஃப்டை அங்க விட்டேன். ஒவ்வொரு வளைவுலயும் வண்டி அலைல மாட்டின படகு மாதிரி ஆடுச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்... சஸ்பென்ஷனை மாத்தியே தீரணும்!

கையில இருந்தது, ஸ்கூல் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த கொஞ்சூண்டு பணம். ஒரு கடையில, "ஸ்பிரிங்ல ஒண்ணரைச் சுத்து வெட்டிடலாம் தம்பி, பெருசா செலவே இல்லை"ன்னாங்க. வெட்டினாங்க. வண்டி சிறுத்தை மாதிரி பதுங்கி நின்னுச்சு. காலேஜ் பார்க்கிங்ல பசங்க சுத்திச் சுத்தி வந்து போட்டோ எடுத்தாங்க. நமக்குத் தரையில கால் படலை!

பத்தாவது நாள், இடுப்பு வலிக்கு மருந்து வாங்க அப்பத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். தெருமுனை ஸ்பீடு பிரேக்கர்ல 'டொம்'னு ஒரு அடி. பின் சீட்ல "அய்யோ சாமி"ன்னு ஒரு குரல். திரும்பிப் பார்த்தா, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை இறுக்கி மூடியிருக்காங்க. "ஒண்ணுமில்ல கண்ணு, நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு"ன்னாங்க. அடுத்த வாரம் நான் கார் சாவியைத் தேடி எடுக்கறதுக்குள்ள, ஆட்டோ பிடிச்சுப் போயிட்டாங்க.

நல்லா நாலு திட்டு திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அந்த ஆட்டோ கிளம்பின சத்தத்தைத்தான் தாங்க முடியலை.

பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணின பாடத்தை அன்னிக்கு ராத்திரிதான் புரிஞ்சு படிச்சேன். வண்டியோட ஈர்ப்பு மையம் தரையில இருந்து 55 செ.மீ. உயரத்துல இருக்குன்னு வெச்சுக்குங்க. 3 செ.மீ. இறக்கினா, வளைவுல வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுற எடை சுமார் 5 சதவீதம்தான் குறையும். அதுக்கும் வேட்டு இருக்கு. ஸ்விஃப்டுக்கு முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ரொம்ப இறக்கினா லோயர் ஆர்ம் மேல்பக்கமா சாஞ்சுக்கும். வண்டி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ அந்த 'ரோல் சென்டர்', ஈர்ப்பு மையத்தைவிட அதிகமா கீழே போயிடும். ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடினா, வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல் நீளமாகுதுன்னு அர்த்தம்!

அடுத்து அந்த 'டொம்'. ஸ்பிரிங் வேலை எடையைத் தாங்கறது, ஷாக் அப்சார்பர் வேலை ஆட்டத்தை அடக்கறது. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினதுல சக்கரம் மேலே ஏறி இறங்க இடம் குறைஞ்சு, ஷாக் நேரா பம்ப் ஸ்டாப் ரப்பர்ல போய் முட்டுது. அதே ரப்பர் டிராக் வளைவுல முட்டினா? சஸ்பென்ஷன் ஒரு நொடியில கல்லாகும். முன் டயர் பிடியை விட்டுட்டு வண்டி நேரா வெளிய ஓடும். அப்பத்தா இடுப்பை வலிக்க வெச்சதும், டிராக்ல என்னை வெளிய தள்ளக் காத்திருந்ததும் ஒரே தப்புதான்!

மறுநாள் எங்க தெரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். பழைய ஷாக்கைக் கழட்டிக் கையால அமுக்கிக் காட்டினார். எதிர்ப்பே இல்லாம உள்ளே போச்சு. "தம்பி, ஷாக்கு செத்துப் போய் ரொம்ப நாளாச்சுங்க. லோயர் ஆர்ம் புஷ்ஷும் கிழிஞ்சிருக்கு பாருங்க. வண்டி ஆடினது இதனாலதான். நீங்க போய் ஸ்பிரிங்கை வெட்டியிருக்கீங்க"ன்னார். நோய் ஒரு இடம், ஆபரேஷன் வேற இடம்!

ஸோ, தினமும் ரோட்ல, எப்பவாவது டிராக்ல ஓடற வண்டிக்குக் காசை எந்த வரிசையில போடணும்? முதல்ல புஷ், லிங்க் ராடு மாதிரி தேய்ஞ்சுபோன ரப்பர் ஐட்டங்கள். அப்புறம் நல்ல டயர். ரோட்டைத் தொடறது அது மட்டும்தான். மூணாவது புது ஷாக், ஒரிஜினலைவிடக் கொஞ்சம் விறைப்பா இருந்தா போதும். நாலாவது வீல் அலைன்மென்ட். பிரேக் ஆயிலும் புதுசா இருக்கட்டும். டிராக் சூட்டுல பழைய ஆயில் கொதிச்சா பெடல் தரைக்குப் போயிடும். இத்தனைக்கும் அப்புறமும் ஆசை தீரலைன்னா, ஷாக்கோட சேர்த்தே டிசைன் பண்ணின ஸ்பிரிங் செட். ரெண்டு செ.மீ.க்கு மேல இறக்காதீங்க. பழைய ஸ்விஃப்டோட கிரவுண்ட் கிளியரன்ஸே 170 மி.மீ.தான். திருகித் திருகி அட்ஜஸ்ட் பண்ற காயிலோவரா? எதை எதுக்குத் திருகறோம்னு தெரிஞ்ச பிறகு வாங்கலாம்.

இன்னொரு விஷயம். ஆர்.சி.யில இருக்கற விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களோட ஒத்துப்போகாத அளவுக்கு வண்டியை மாத்தக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு சொல்லுது. சாதாரண கார் இன்ஷூரன்ஸ்ல ரேஸுக்கும் ஸ்பீடு டெஸ்ட்டுக்கும் கவர் கிடையாது. டிராக்ல இடிச்சா உங்க பாக்கெட்தான்.

நான் கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன். புது ஷாக், புது புஷ், நாலு நல்ல டயர். ரெண்டு மாச டியூஷன் காசு காலி. அடுத்த டிராக் டேல டைம் குறைஞ்சுது. அதுல டயர் எவ்வளவு, ஷாக் எவ்வளவு, நான் ஓட்டக் கத்துக்கிட்டது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல மாட்டேன். பார்க்கிங்ல இப்ப எவனும் போட்டோ எடுக்கறதில்லை!

போன வாரம் அப்பத்தாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கார்ல ஏத்தினேன். கிளம்பினதுல இருந்தே சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துல யார் வந்தாங்க, யார் வரலைன்னு ஒரே கதை. தெருமுனை ஸ்பீடு பிரேக்கர் வந்துச்சு. எனக்கு நெஞ்சு படபடங்குது. மெதுவா ஏத்தி இறக்கினேன்.

அப்பத்தா கதையை நிறுத்தவே இல்லை!