ஆச்சி சேலை என்ன கலர்?

கடையநல்லூர் வீட்டுப் பரண்ல இருந்து டிரங்குப் பெட்டிய இன்னைக்கு எறக்குனோம்.
அடியில ஒரு கவர். உள்ள, உள்ளங்கை அளவுல கறுப்பு வெள்ளைப் படங்க.

ஒண்ணுல தாத்தாவும் ஆச்சியும், தென்காசி கோயில் முன்னால.
ஆச்சி தலைமுடி ஈரமா தோள்ல ஒட்டிக் கெடக்கு. குற்றாலத்துல குளிச்சிட்டு நேரா வந்திருக்காங்க. தாத்தா கையில ஈரத்துணி மூட்டை.

பின்னால கோபுரம்... நடுவுல பிளந்து, உச்சியே இல்லாம நிக்குது.

"இது எந்தக் கோயிலு?"னு மக கேட்டா.
தென்காசின்னா நம்ப மாட்டேங்கா.
இப்ப இருக்க ஒன்பது நிலை ராஜகோபுரம் 1990-லதான் முழுசா எழும்புச்சு. அதுக்கு முன்னால பஸ்ஸுல போறவங்க எல்லாரும் பார்த்தது இந்தப் பிளந்த கோபுரத்தத்தான்.

பெரியப்பாவோட ஆக்ஃபா கிளிக் கேமராவுல எடுத்த படம். ஒரு ரோலுக்கு 12 படம்தான். அதுல ஒண்ணை இவங்க ரெண்டு பேருக்குன்னு வச்சிருக்காரு. எவ்வளவு பிரியம் இருந்திருக்கணும்!

"ஆச்சி சேலை என்ன கலரும்மா?"

அம்மா யோசிக்கவே இல்ல.
"அரக்கு. மஞ்சக் கரை. தாத்தா தன் தறியிலயே நெய்தது."

படத்துல அது வெறும் சாம்பல் நிறம்.
அரக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அம்மாதான். அம்மாவுக்கு 78 வயசு.

அங்கேயே உக்காந்து, படத்துக்குப் பின்னால பென்சிலால மெதுவா எழுதி வச்சேன்.

உங்க வீட்டுப் பெட்டியிலயும் இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை எடுங்க. அம்மாகிட்ட, அத்தைகிட்ட கேளுங்க.
இது யாரு, எந்த ஊரு, சேலை என்ன கலரு?