பதினேழு வயதுக்கு எத்தனை நட்சத்திரம்?

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் என்பது காலால் உதைத்தாடும் பந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி மோதும் ஆட்டம். அதற்கென ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கப்படும் பள்ளி மாணவர் குழுவை ‘ரெக்ரூட்டிங் கிளாஸ்’ என்பர். 247 ஸ்போர்ட்ஸ் முதலிய நிறுவனங்கள் மாணவர்களுக்கு ஐந்து வரை நட்சத்திரம் இட்டு, அம்மதிப்புகளைத் திரட்டிப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்துகின்றன. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அழைத்த பிறகே நட்சத்திரம் கூடுகிறது என்ற குறையும் நெடுநாளாக உண்டு. ஆய்விதழின் பெயரைக் கொண்டே கட்டுரையை எடைபோடும் கல்வியுலகிற்கு இது புதிதன்று.

2022இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முதலிடம் பெற்றது; அதுவரை எவரும் எட்டாத மதிப்பெண் என்று கொண்டாடப்பட்டது. அவ்வாண்டு அந்த அணி 5 ஆட்டங்களில் வென்று 7இல் தோற்றது. அக்குழுவினர் பலர் வேறு கல்லூரிகளுக்குப் பெயர்ந்தனர். 2023இல் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் நீக்கப்பட்டார்.

ஆயினும் இவ்வரிசை வெறும் பொய்யன்று. தேசிய வாகை சூடுவோர் பெரும்பாலும் மேல்வரிசையினரே. தொகையில் பொருந்துவது தனியொருவரிடம் வரும்போதுதான் தடுமாறுகிறது.

ஜே. ஜே. வாட்டுக்குக் கிடைத்தவை இரண்டே நட்சத்திரங்கள். சென்ட்ரல் மிச்சிகனில் ஓராண்டு ஆடி விலகிய அவர், வீடுவீடாகப் பீட்சா கொண்டுசேர்த்தார். பின்னர் உதவித்தொகையின்றியே விஸ்கான்சின் அணியில் சேர்ந்தார். 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் தேசியத் தொழில்முறைக் கழகத்தின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது.