மாசத்துக்கு எத்தனை பக்கம், சார்?

வீட்டிலிருந்த இங்க்ஜெட் பிரிண்டர் கோடை விடுமுறை முழுக்கச் சும்மா கிடந்ததில் ஹெட் காய்ந்து அடைத்துக்கொண்டது. நாலைந்து முறை கிளீனிங் கொடுத்தேன். மை தீர்ந்ததுதான் மிச்சம். சனிக்கிழமை காலை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். இருப்பதிலேயே மலிவானதை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது திட்டம்.

முதல் கடையிலேயே நாலாயிரம் ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. கலர், ஸ்கேன் எல்லாம் உண்டு. பணத்தை எடுக்கும் முன், பக்கத்தில் அடுக்கியிருந்த கார்ட்ரிட்ஜ் பெட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். கருப்பு மை, 120 பக்கம். விலை எண்ணூறைத் தொடுகிறது. பக்கத்துக்கு ஆறரை ரூபாய்! எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் மூன்று ரூபாய். அப்படி ஐந்து கார்ட்ரிட்ஜ் வாங்கினால் பிரிண்டர் விலையே வந்துவிடும். பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த கடைப் பெரியவர் பிரிண்டரைக் காட்டுவதற்கு முன்னால் கேட்டார்: "மாசத்துக்கு எத்தனை பக்கம், சார்?"

யோசித்தேன். பரீட்சை சமயத்தில் நூறு போகும், மற்ற மாதங்களில் இருபதைத் தாண்டாது. "சராசரியா நாப்பது இருக்கும்."

பன்னிரண்டாயிரம் ரூபாய் இங்க் டேங்க் ஒன்றைத் தட்டிக் காட்டினார். எப்சனின் 65 மில்லி கருப்பு மைப் புட்டி 4,500 பக்கத்துக்கு வரும் என்கிறது அட்டை. பக்கத்துக்குப் பத்து பைசாகூட இல்லை. பிரிண்டருக்கு வெளியே மைக் குப்பி வைத்து, குழாய் செருகி ஓட்டும் நாட்டு வைத்தியம் இந்தோனேசியாவில் பெருகியதைப் பார்த்துத்தான், 2010-ல் எப்சனே இந்த வகையை அங்கே முதலில் இறக்கியது. "ஆனா வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது போட்டுக்கிட்டே இருக்கணும் சார். இல்லாட்டி இதுவும் அடைச்சுக்கும்." கிளீனிங் கொடுக்கும்போது வழியும் மை உள்ளே ஒரு பஞ்சில் சேருமாம், அது நிறைந்தால் மெஷின் நின்றுவிடும். விற்கிறவரே இதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மாடிப்படிக்கு அடியில் ஒரு ரீஃபில் கடை. விரலெல்லாம் கருப்பாக ஒரு தம்பி, ஹெச்பி 12ஏ கார்ட்ரிட்ஜைப் பிரித்து, கழிவுப் பவுடரைத் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தார். 1020 லேசர் பிரிண்டருக்கு அதுதான். நிரப்ப முந்நூற்றைம்பது ரூபாய், ஏறக்குறைய 2,000 பக்கம். தாளில் 5 சதவீத இடத்தில் மட்டும் எழுத்து விழுவதாக வைத்துப் போட்ட கணக்கு அது. படமும் கட்டமுமாக அடித்தால் அவ்வளவு வராது. "மூணு மாசம் மூடி வெச்சாலும் பவுடர் காயாதுண்ணா. யுபிஎஸ்ல மட்டும் மாட்டிடாதீங்க, சூடாகுறப்ப கரண்டை இழுக்கும்." புது மாடல்களில் சிப் வைத்துவிடுவதால், ரீஃபில் ஆகுமா என்று கேட்காமல் வாங்கக் கூடாது என்றும் சொன்னார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 500 பக்கம், ஐந்து வருஷத்துக்கு 2,500. இங்க் டேங்க் வாங்கினால் அதன் விலையே பக்கத்துக்கு ஏறக்குறைய ஐந்து ரூபாய் விழுகிறது. மை பத்து பைசாவா இருபது பைசாவா என்று நான் பார்த்துக்கொண்டிருந்ததில் அர்த்தமே இல்லை. 500 தாள் கட்டு 280 ரூபாய் என்றால் தாளே 56 பைசா, மையைவிட அதிகம்! ஜெராக்ஸ் கடைக்காரர்தான் ஜெயிக்கிறார். ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு, "அப்பா, நாளைக்கு அசைன்மென்ட்" என்று மகள் வந்து நிற்கும்போது அந்தக் கடை பூட்டியிருக்கும்.

திரும்பவும் மாடிப்படிக்கு அடியில் போனேன். சர்வீஸ் செய்த பழைய 1020 ஒன்று, டோனரோடு நாலாயிரத்து எண்ணூறு. வைஃபை இல்லை, ஸ்கேன் இல்லை, இரண்டு பக்கமும் அடிக்கத் தாளைக் கையால்தான் திருப்பிப் போட வேண்டும். அப்படித் திருப்பிப் போட்டால் தாளோடு சேர்த்துப் பக்கத்துக்கு இரண்டரை ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. கலர் வேண்டுமென்றால் ஜெராக்ஸ் கடை இருக்கவே இருக்கிறது.

ஓட்டிக் காட்டச் சொன்னேன். சூடாகச் சுருண்டு வந்த தாளில் எழுத்து பளிச்சென்று இருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் யாருக்கோ போட்ட பழைய கொட்டேஷன்.