எழுதுமுன் இருமுறை வாசித்தல்

கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு நீர் தேங்கியிருந்த ஒரு ஜூலை மாலை. மாட்டுங்காவின் வாடகை அறையொன்றில் ஆய்வு மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியின் பயாஸைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். பணி பாதியைத் தாண்டியிருந்தபோது மின்சாரம் நின்றது. 40 விழுக்காடு இருப்புக் காட்டிய பழைய பேட்டரி ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதன்பின் பொத்தானை அழுத்தினால் சிறுவிளக்கு மட்டும் எரிந்தது. திரை இருண்டே கிடந்தது.

கணினியைவிட அதனுள் இருந்த ஒலிப்பதிவுகளே அவளுக்குப் பெரிது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்த குடும்பங்களின் முதியவர்களிடம் 11 மாதங்களாகச் சேகரித்த பேச்சு அது. பேசியவர்களுள் இருவர் இப்போது உயிருடன் இல்லை. கடைசி நான்கு மாதப் பதிவுகளுக்கு வேறு படி எடுக்கப்படவில்லை. தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தது. அதன் மீட்புக் குறியோ, முதுகலை முடிந்ததும் மூடப்பட்ட மின்னஞ்சல் கணக்கோடு போய்விட்டது. தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துவதால் பயனில்லை.

லாமிங்டன் சாலைக் கடையொன்றில், இதே மாதிரிக் கணினியின் பயாஸ் கோப்பை எழுதினால் ஒரு மணி நேரத்தில் உயிர் வந்துவிடும் என்றார்கள். அவள் ஏறத்தாழ ஒப்புக்கொண்டுவிட்டாள். அன்றிரவு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பழுதுபார்க்கும் அண்ணாச்சியிடம் அதைச் சொன்னபோது அவர் தலையசைத்து மறுத்தார்.

"மெஷின் பிழைச்சிரும் தங்கச்சி. ஆனா பூட்டுக்க சாவியும் இதே சிப்புக்குள்ளதான் கெடக்கு. அடுத்தவன் கோப்பை முழுசா எழுதுனா சாவி அழிஞ்சிரும்."

அந்த மாதிரிக் கணினியில் பாதுகாப்புத் தொகுதிக்கெனத் தனிச் சில்லு கிடையாது. அதன் இரகசியங்களும், கணினியின் வரிசை எண்ணும், பயாஸும் எட்டுக் கால்கள் கொண்ட ஒரே 16 மெகாபைட் சில்லில் இருந்தன.

அண்ணாச்சி பேட்டரியையும் பொத்தான் மின்கலத்தையும் கழற்றினார். சில்லின் மேலுள்ள எண்ணைப் பூதக்கண்ணாடியில் படித்து, அது 3.3 வோல்ட் வகையா 1.8 வோல்ட் வகையா என்று உறுதி செய்தார். தவறான மின்னழுத்தம் சில்லையே கருக்கிவிடும். பின்பு கவ்வியைப் பொருத்தி உள்ளிருந்ததை முதலில் வாசித்தார். மீண்டும் வாசித்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை, கவ்வி சற்று நகர்ந்திருந்தது. துடைத்து மறுபடி பொருத்தி எடுத்த அடுத்த இரண்டு படிகளும் ஒத்துப்போயின. சிதைந்த மூலத்தின் அந்தப் படியை இரண்டு இடங்களில் சேமித்த பிறகே, தயாரிப்பாளரின் கோப்பிலிருந்து பாதியில் நின்ற பகுதியை மட்டும் எடுத்து அதில் பொருத்தி எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்த்தார்.

தொடக்கத்தில் பயாஸ் மாற்றவே இயலாத சில்லில் இருந்தது. திருத்தக்கூடியதாக ஆனபோதே அது அழியக்கூடியதாகவும் ஆயிற்று: 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்னும் நச்சுநிரல் பல கணினிகளின் பயாஸில் குப்பையை எழுதி அவற்றை முடக்கியது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிய பின்பே பாடத்தை முடிவு செய்தார். சிதைந்த ஏட்டையும் அவர்கள் எறிவதில்லை. எஞ்சிய எழுத்து வேறெங்கும் இல்லாததாக இருக்கலாம். பதிப்பியல் வகுப்பில் அவள் படித்து மறந்த பாடம் அன்று ஒரு பணிமேசையில் நடந்தது.

திரை ஒளிர்ந்தது. மீட்புக் குறி கேட்கப்படவில்லை, கோப்புகள் திறந்தன. அவற்றை இரு தட்டுகளில் படியெடுத்துவிட்டுக் கூலி என்னவென்று கேட்டாள். அண்ணாச்சி ஒரு பென்டிரைவை நீட்டினார். பங்குனியில் பேசி, வைகாசியில் மறைந்த அவருடைய தாயின் ஒன்றே கால் மணி நேரக் குரல் அந்தப் பதிவுகளுள் இருந்தது.

மறுநாள் அவள் புதிய பேட்டரி வாங்கினாள். 48 இலக்க மீட்புக் குறியைத் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இனிப் பயாஸைத் தொடுவதானால், முதலில் பிட்லாக்கரை நிறுத்தி வைத்துவிட்டு, மழை ஓய்ந்த ஒரு காலையில்தான்.